காணாமல் போகும் நூறு டன்

சரக்கு விமானம் கிளம்புவதற்குச் சற்று முன்பு விமானியின் கைக்கு வந்து சேரும் காகிதங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். சரக்கும் எரிபொருளும் சேர்ந்த விமானத்தின் எடையைச் சொல்லும் தாளான லோட்ஷீட் தயாரிக்கும் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு விபத்து விசாரணை அறிக்கைகளை வாசிக்கும் பழக்கம் எப்படியோ தொற்றிக்கொள்ளும், எனக்கும் தொற்றிக்கொண்டது. அந்த அறிக்கைகளில் ஒரு வகை மட்டும் என்னை மீண்டும் மீண்டும் இழுத்திருக்கிறது. விமானம் இன்னும் நகரவே இல்லை, இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை, வானமும் தெளிவாக இருக்கிறது. ஆனால் காக்பிட்டில் யாரோ ஒருவர் படிவத்தின் ஒரு கட்டத்தில் தவறான ஓர் எண்ணை எழுதிவிட்டார், அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் அந்த எண்ணின் விளைவுகளே என்று முடியும் அறிக்கைகள் அவை.

பயணிகள் விமானத்தில் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்பதை ஒரு பணியாளர் நடந்துபோய் எண்ணிவிடலாம். சரக்கு விமானத்தில் அப்படி எண்ணிப் பார்க்க ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் உறை சுற்றி, வலை போட்டுக் கட்டி, வரிசையாகத் தள்ளிப் பூட்டப்பட்ட பேலட்டுகளை, அதாவது சரக்கு அடுக்கிய பலகைகளை, கேப்டன் டார்ச் அடித்துப் பார்த்தாலும், எதிரே நிற்பது 2,000 கிலோவா 4,500 கிலோவா என்பதைக் கண் சொல்லாது. அவர் ஓட்டப்போவது உண்மையில் தாளில் உள்ள விமானத்தைத்தான். தாளில் உள்ள விமானமும் தரையில் நிற்கும் விமானமும் ஒன்றுதான் என்று யாரோ உறுதி செய்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் அவர் கையெழுத்திடுகிறார். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 6-ஆம் இணைப்பு இந்த நம்பிக்கையைச் சட்ட வடிவில் எழுதி வைத்திருக்கிறது: எடையும் புவியீர்ப்பு மையமும் பாதுகாப்பான அளவில் உள்ளன, சரக்கு சரியாகப் பகிர்ந்து வைக்கப்பட்டு இறுகக் கட்டப்பட்டுள்ளது என்று கேப்டன் மனநிறைவு அடைந்து, அதற்கான படிவங்கள் நிரப்பப்பட்ட பிறகே பயணம் தொடங்கலாம், அந்தப் படிவங்களை நிறுவனம் மூன்று மாதங்கள் பாதுகாத்து வைக்க வேண்டும். அந்த மனநிறைவை அடைவதற்கு எத்தனை நிமிடம் வேண்டும் என்பதை மட்டும் எந்த விதியும் சொல்லவில்லை.

நேரத்தின் கணக்கைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விமானியின் அவசரம் பெரும்பாலும் விமானியிடமிருந்து தொடங்குவதில்லை. லாரி தாமதமாக வருகிறது, சுங்க அனுமதி இழுத்தடிக்கிறது, கட்டி முடித்த பேலட் உயரம் மீறியதால் பிரித்துக் கட்டப்படுகிறது, சரக்கை விமானக் கதவின் உயரத்துக்குத் தூக்கும் ஹைலோடர் ஒன்று பழுதாகிறது. இவை ஒவ்வொன்றும் சில நிமிடங்களைத் தின்றுவிடுகின்றன. ஆனால் கிளம்பும் நேரம் நகருவதில்லை. ஏனென்றால் மறுமுனையில் இரவுநேரத் தடை உள்ள விமான நிலையம் இருக்கலாம், ஒதுக்கப்பட்ட நேரமான ஸ்லாட் காலாவதியாகலாம், அல்லது விமானிகளின் பணிநேர வரம்பே நெருங்கிக்கொண்டிருக்கலாம். சங்கிலியின் கடைசிக் கண்ணியாக இருப்பவர் விமானி என்பதால், முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் செலவழித்தது போக மிஞ்சிய நேரமே அவருக்குக் கிடைக்கிறது. லோட்ஷீட் வந்து சேரும்போது கதவுகள் பாதி மூடியிருக்கும், இழுவை வண்டி மூக்குச் சக்கரத்தில் பூட்டப்பட்டிருக்கும், தாளை நீட்டுபவர் ஒரு காலை ஏணியில் வைத்துக்கொண்டே நிற்பார்.

இதில் தாமதக் குறியீடுகளுக்கு உள்ள பங்கை வெளியில் இருப்பவர்கள் அதிகம் அறிய மாட்டார்கள். விமானம் ஏன் தாமதமானது என்பதைப் பதிவுசெய்ய விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா அமைப்பு எண்களை வகுத்திருக்கிறது. சரக்கு ஆவணங்களில் பிழை என்றால் 21, சரக்கு விமானத்தருகே தாமதமாக வந்தால் 22; விமானிகள் தாமதமாக ஏறினாலோ அவர்களுடைய புறப்பாட்டு நடைமுறைகள் நீண்டாலோ 63. ஐம்பது நிமிடத் தாமதத்தில் நாற்பத்தைந்து நிமிடம் சரக்குப் பிரிவினுடையதாக இருந்தாலும், கடைசி ஐந்து நிமிடத்தைக் கேப்டன் லோட்ஷீட்டை வாசிக்க எடுத்துக்கொண்டால், அந்த ஐந்து நிமிடத்துக்கு மேல் 63 விழக்கூடும். வாசிப்பதைக் குற்றமாகவும் வாசிக்காமல் கையெழுத்திடுவதைக் காலந்தவறாமையாகவும் பதிவுசெய்யும் ஒரு கணக்குமுறை, எந்தப் பயிற்சி வகுப்பைவிடவும் வலுவாக மனிதர்களைப் பழக்கிவிடும் என்பது என் எண்ணம்.

அந்தச் சில நிமிடங்களில் கேப்டன் முன் உள்ளவை என்னென்ன என்று பார்த்தால் அவசரத்தின் அளவு புரியும். பாதை, உயரம், எரிபொருள் ஆகியவற்றைக் கொண்ட பயணத் திட்டம், வானிலை அறிக்கைகள், ஓடுபாதை மூடல் போன்ற தற்காலிக மாற்றங்களைச் சொல்லும் நோட்டாம் அறிவிப்புகள், விமானத்தில் சரிசெய்யாமல் ஒத்திவைக்கப்பட்டுள்ள குறைகளைச் சொல்லும் டெக் லாக், எரிபொருள் ரசீது, லோட்ஷீட், அதனுடன் எடையின் மையம் எங்கே விழுகிறது என்று காட்டும் ட்ரிம் ஷீட், அபாயகரமான சரக்கு எது, எந்த இடத்தில் இருக்கிறது என்று கேப்டனுக்குச் சொல்லும் நோடோக், சரக்குப் பட்டியல், பொது அறிவிக்கை. இவற்றில் சில இப்போது டேப்லெட்டிலும் திரையிலும் வருகின்றன என்பது உண்மைதான், ஆனால் திரைக்கு மாறியதால் படிக்க வேண்டியது குறைந்துவிடவில்லை.

அன்றாடம் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் சிறியவை, அவற்றால் எந்த விமானமும் விழுவதில்லை. உலகப் பொது நேரப்படி நள்ளிரவைத் தாண்டிக் கிளம்பும் பயணத்தில் முந்தைய நாளின் தேதி எழுதப்படும். விமானம் மாற்றப்பட்ட பின்னும் பழைய விமானத்தின் பதிவெண் ஒரு தாளில் தங்கிவிடும். பயணத் திட்டம் திருத்தி அனுப்பப்பட்ட பிறகும் முதல் பதிப்பே கிளிப்பில் மாட்டியிருக்கும். இரண்டாம் பதிப்பு லோட்ஷீட் வந்திருக்க, முதல் பதிப்பில் கையெழுத்து விழும். இவற்றை எழுத்தர் வேலையின் சில்லறைத் தவறுகள் என்று சிரித்துத் தள்ளுவது வழக்கம். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் தவறான பதிவெண்ணைக் கவனிக்காத கண் தவறான எடையையும் அதே வேகத்தில்தான் கடந்து போகிறது. இவை வேறு வேறு தவறுகள் அல்ல. ஒரே பார்வைக்குறைவு எந்தக் கட்டத்தின் மேல் விழுந்தது என்பதில் மட்டுமே வேறுபடுகின்றன.

2004 அக்டோபர் 14 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸில் நடந்ததை இந்த இடத்தில் விரிவாகச் சொல்ல வேண்டும். எம்.கே. ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் லக்ஸம்பர்க்கிலிருந்து அமெரிக்காவின் பிராட்லி விமான நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து ஹாலிஃபாக்ஸுக்கு வந்து, கடல் உணவை ஏற்றிக்கொண்டு ஸ்பெயினின் சரகோசாவுக்குப் புறப்பட இருந்தது. பிராட்லியில் கிளம்பியபோது அதன் எடை 2,40,000 கிலோ. அட்லாண்டிக்கைக் கடப்பதற்கான எரிபொருளும் கூடுதல் சரக்கும் சேர்ந்த பிறகு ஹாலிஃபாக்ஸில் அது 3,53,000 கிலோவுக்கும் மேல். புறப்பாட்டு வேகங்களையும் இயந்திர உந்துவிசையையும் கணக்கிட விமானிகள் மடிக்கணினியில் ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினர். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வந்தடைந்த முடிவின்படி, அந்தக் கணக்கு பெரும்பாலும் பிராட்லியின் பழைய எடையை வைத்தே நடந்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட பக்கத்துக்குப் போய்த் திரும்பினால், புதிதாக உள்ளிட்ட எடையின் இடத்தில் முன்பு சேமித்து வைத்த எடை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும் இயல்பு அந்த மென்பொருளுக்கு இருந்தது.

பழைய எடைக்கு உரிய உந்துவிசையோடும் பழைய எடைக்கு உரிய வேகத்தோடும் விமானம் ஓடியது. மூக்கைத் தூக்கியபோது அது பறக்கத் தேவையான வேகத்தை எட்டியிருக்கவில்லை. வால்பகுதி ஓடுபாதையில் உரசியது; ஓடுபாதை முடிந்த பிறகே தரையை விட்டு எழும்பி, தரையிறக்க வழிகாட்டி ஆண்டெனாவுக்காகக் கட்டப்பட்டிருந்த மண்மேட்டில் வால்பகுதி மோதிப் பிய்ந்தது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். உள்ளூர் நேரம் அதிகாலை நான்கு மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த விமானிகள் அப்போது ஏறக்குறைய 19 மணி நேரமாகப் பணியில் இருந்தார்கள்; வழியில் ஏற்பட்ட தாமதங்களால், கடைசி இடத்தை அடையும்போது அது சுமார் 30 மணி நேரமாகியிருக்கும் என்று வாரியம் கணித்தது.

அறிக்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி மென்பொருளைப் பற்றியது அல்ல. புறப்பாட்டுத் தகவல் அட்டையை ஒருவர் தயாரித்தால் மற்றொருவர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்று அந்த நிறுவனத்தின் நடைமுறையிலேயே இருந்தது. அது பெரும்பாலும் நடக்கவில்லை என்று வாரியம் கூறுகிறது. அந்த அட்டையில் எழுதியிருந்தவை ஒன்றோடொன்று முரண்படவில்லை. எடைக்கு ஏற்ற வேகம், வேகத்துக்கு ஏற்ற உந்துவிசை என எல்லாம் பொருந்தியே இருந்தன. பிராட்லியில் அதே அட்டை குற்றமற்றது. எனவே அட்டையை மட்டும் எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் தவறு தெரியாது. வேறொரு தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும். அவசரமும் களைப்பும் முதலில் அடித்துச் செல்வது இந்தப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையைத்தான். எழுதும் வேலையை யாரும் தவிர்ப்பதில்லை, ஏனெனில் எழுதாத கட்டம் வெறுமையாகத் தெரியும். ஒப்பிடாத எண்ணோ ஒப்பிட்ட எண்ணைப் போலவே இருக்கும்.

சரக்கு விமானிகள் மட்டும்தான் இப்படித் தடுக்குகிறார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2003 மார்ச் 12 அன்று ஆக்லாந்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 747 விமானத்துக்கு 347.4 டன் என்பதற்குப் பதிலாக 247.4 டன் என்று அட்டையில் எழுதப்பட்டது. மூக்கைத் தூக்க வேண்டிய வேகம் 163 நாட். தூக்கியது அதைவிட 33 நாட் குறைவில். வால் ஓடுபாதையில் தேய்ந்துகொண்டே சென்றது, ஆனால் விமானம் பத்திரமாகத் திரும்பி இறங்கியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2009 மார்ச் 20 அன்று, மெல்போர்னில் எமிரேட்ஸின் ஏ340 விமானத்துக்கு 362.9 டன் என்பது 262.9 டன் என்று மடிக்கணினியில் தட்டச்சானது. 275 பேர் அதில் இருந்தார்கள். ஓடுபாதையின் முடிவு நெருங்கிய நிலையில் கேப்டன் முழு உந்துவிசையைக் கொடுத்ததால் அவர்கள் தப்பினார்கள். ஒரே இலக்கம், சரியாக நூறு டன்.

இலக்கங்களில் எது தவறினாலும் தவறுதான், ஆனால் முதல் இலக்கம் தவறும்போது மட்டும் யாரும் கவனிக்காதது எப்படி என்று கேட்கத் தோன்றும். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பிரிவின் மெல்போர்ன் விசாரணை இதற்கு ஒரு நல்ல பதிலைத் தொடுகிறது. நீண்டதூர விமானங்களை ஓட்டுபவர்கள் ஒரு நாள் எரிபொருள் நிறைந்த கனத்தோடும் மறுநாள் அதில் பாதியோடும் கிளம்புகிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட விமான வகைகளையும் ஓட்டுகிறார்கள். இதனால் 262 என்ற எண்ணைப் பார்த்தால் உள்ளுணர்வு உறுத்துவதில்லை, ஏனெனில் 262 என்பதும் அவர்கள் அண்மையில் எங்கோ பார்த்த எண்தான். சரக்கு விமானியின் நிலை இதிலும் மோசம். அரைவயிறாகவும் நிறைவயிறாகவும் ஒரே இரவில் இரண்டு மூன்று நிலையங்களிலிருந்து கிளம்புபவருக்கு, 'வழக்கமான எடை' என்று சொல்லிக்கொள்ள எதுவும் இருப்பதில்லை. அதே பாதுகாப்புப் பிரிவு 1989 முதல் 2009 வரையிலான இத்தகைய நிகழ்வுகளைத் திரட்டி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், உலக அளவில் 20, ஆஸ்திரேலியாவில் 11 என 31 நிகழ்வுகளை அலசியது. எந்த விமான வகையும், கையால் கணக்கிடுவதோ கணினியால் கணக்கிடுவதோ எந்த முறையும், இந்தத் தவறுக்கு விலக்கு அல்ல என்பது அதிலிருந்து தெளிவாகிறது.

தாள் சரியாக இருந்து சரக்கு மாறிப்போன கதையும் உண்டு. 1997 ஆகஸ்ட் 7 அன்று மயாமியிலிருந்து சாண்டோ டொமிங்கோவுக்குக் கிளம்பிய ஃபைன் ஏர் நிறுவனத்தின் டிசி-8 சரக்கு விமானம் எழும்பிய சில நொடிகளில் மூக்கு மேலே மேலே தூக்கிக்கொள்ள, தாங்குவிசை இழந்து விழுந்தது. விமானத்தில் இருந்த நால்வரும் தரையில் ஒருவரும் இறந்தனர். அன்று முதலில் திட்டமிட்டிருந்த விமானத்துக்குப் பதிலாக வேறொரு விமானம் ஒதுக்கப்பட்டிருந்தது. சரக்கு ஏற்றப்பட்ட விதமோ விமானிகளின் தாளில் இருந்ததைப் போல இல்லை. எடை பின்பக்கமாகத் தள்ளிப் போயிருந்தது, விமானிகள் மூக்கு ஏறி இறங்காமல் சமன்செய்யும் வால்பகுதி அமைப்பான ட்ரிம்மைத் தாளில் இருந்த கணக்குப்படி வைத்திருந்தார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பொறுப்பை விமானிகள் மேல் வைக்கவில்லை. ஏற்றும் பணியைக் கட்டுப்பாட்டில் வைத்திராத விமான நிறுவனத்தின் மீதும், சொன்னபடி ஏற்றாத சரக்கு நிறுவனத்தின் மீதும் வைத்தது. அது நியாயமான முடிவு என்றே கருதுகிறேன். ஆனாலும் விமானம் மாற்றப்பட்டது என்ற ஒரு செய்தி போதும், கையில் உள்ள எல்லாத் தாள்களையும் ஐயத்தோடு பார்ப்பதற்கு. பதிவெண்ணைச் சில்லறை விவரம் என்று நான் ஒத்துக்கொள்ளாததற்கு இந்த விபத்தும் ஒரு காரணம்.

எரிபொருள் கணக்குக்கு வந்தால், 1983 ஜூலை 23 அன்று எரிபொருள் தீர்ந்து கனடாவின் கிம்லியில் மிதந்து இறங்கிய ஏர் கனடா 767 விமானத்தை விட்டுவிட முடியாது. சரக்கு விமானம் அல்ல, ஆனால் அந்தக் கணக்கைப் போல ஒரு தவறு எவ்வளவு ஒழுங்காக நடக்க முடியும் என்பதைக் காட்டும் வேறொன்றை நான் பார்த்ததில்லை. எரிபொருள் அளவுமானி வேலை செய்யவில்லை. ஆகவே அளவுகோலால் தொட்டியை அளந்தார்கள். தொட்டியில் 7,682 லிட்டர் இருந்தது. தேவை 22,300 கிலோ. லிட்டரை எடையாக மாற்ற 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். அது லிட்டரைப் பவுண்டாக மாற்றும் எண். கிலோவாக மாற்ற 0.803 வேண்டும். 7,682-ஐ 1.77-ஆல் பெருக்கினால் 13,597. அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டு 22,300-இலிருந்து கழித்தால் 8,703. அதை மீண்டும் 1.77-ஆல் வகுத்தால் 4,917 லிட்டர் வருகிறது. அவ்வளவுதான் நிரப்பப்பட்டது, உண்மையில் நிரப்ப வேண்டியது 20,000 லிட்டருக்கும் மேல். பெருக்கல் சரி, கழித்தல் சரி, வகுத்தல் சரி. கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். விடை மாறவில்லை, ஏனெனில் மறுபடி போட்டதும் அதே 1.77-ஐ வைத்துத்தான். அந்தப் புதிய விமானம் மெட்ரிக் அளவில் இயங்கியது, அந்த நிறுவனத்தின் மற்ற விமானங்கள் பவுண்டில் இயங்கின. சரிபார்ப்பு என்ற பெயரில் நடக்கும் பெரும்பாலானவை இப்படி அதே பாதையில் இன்னொரு முறை நடப்பதாகவே இருக்கின்றன.

நோட்டாம் கட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதை முழுவதும் வாசித்துவிட்டுக் கிளம்புபவர் அரிது என்பது துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். 2017 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஒன்று, நான்கு விமானங்கள் வரிசையில் நின்றிருந்த டாக்ஸி பாதையை ஓடுபாதை என்று எண்ணி இறங்கப் போனது. பக்கத்து ஓடுபாதை மூடப்பட்டிருப்பதைச் சொல்லும் அறிவிப்பு, 27 பக்கக் கட்டில் 8-ஆம் பக்கத்தில் இருந்தது. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அப்போதைய தலைவர் ராபர்ட் சம்வால்ட், நோட்டாம்களை யாரும் பொருட்படுத்தாத குப்பைக் குவியல் என்று விசாரணைக் கூட்டத்திலேயே சாடினார். இதில் விமானியைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

நோடோக் வேறு. அது குறுகிய தாள், அதை வாசிக்க நேரம் பிடிக்காது, ஆனால் அதன் உண்மை முழுவதும் அனுப்புநரின் நேர்மையில் தொங்குகிறது. 1996-இல் வேலுஜெட் 592 விமானத்தில் ஏற்றப்பட்ட ஆக்சிஜன் உற்பத்திக் கலன்கள் காலியானவை என்று சரக்குச் சீட்டில் எழுதப்பட்டிருந்தன. அவை காலியாக இல்லை, 110 பேர் இறந்தார்கள். 2010-இல் துபாயில் தீப்பிடித்து விழுந்த யூபிஎஸ் சரக்கு விமானத்தில், அபாயகரமானவை என்று அறிவிக்கப்பட்டிருக்க வேண்டிய லித்தியம் பேட்டரிகள் அவ்வாறு அறிவிக்கப்படாமலேயே இருந்தன. கேப்டன் எவ்வளவு நிதானமாக வாசித்திருந்தாலும் அவை தாளில் தென்பட்டிருக்காது. அவசரத்தால் வரும் தவறையும் அவசரம் இல்லாவிட்டாலும் வரும் தவறையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. இல்லையென்றால் எல்லாப் பழியையும் கடைசியாகக் கையெழுத்திட்டவர் தலையில் கட்டிவிடுவோம்.

இதற்கு நேர் எதிராக, தாளே உண்மையைக் கத்திச் சொல்லியும் விமானம் கிளம்பிய நிகழ்வு 2016 நவம்பர் 28-இல் பொலிவியாவில் நடந்தது. கொலம்பியாவுக்குக் கிளம்பிய லாமியா வாடகை விமானத்தின் பயணத் திட்டத்தில் பறக்கும் நேரம் 4 மணி 22 நிமிடம், எரிபொருள் தாங்கும் நேரமும் அதே 4 மணி 22 நிமிடம். விமான நிலைய அதிகாரி ஒருவர் அதைப் பார்த்துக் கேள்வியும் எழுப்பினார். இரண்டு கட்டங்களில் ஒரே எண் இருப்பதன் பொருளைப் புரிந்துகொள்ள விமானவியல் பட்டம் தேவையில்லை. மெடெல்லின் அருகே எரிபொருள் தீர்ந்து 71 பேர் இறந்தார்கள்.

பதறிய காரியம் சிதறும் என்று நம்மவர்கள் சொல்வதை இந்தத் துறையில் அப்படியே பொருத்த முடியாது. அவசரத்தில் இருக்கும் விமானி பதறுவதில்லை. அவர் குரல் உயராது, கை நடுங்காது, பேனா அதே அழகான எழுத்துகளைத்தான் எழுதும். பல ஆயிரம் மணி நேரப் பழக்கம் அவரை அப்படிச் செதுக்கியிருக்கிறது. அவசரம் வெளியே தெரிவது, செய்யாமல் விடப்பட்ட ஒன்றில் மட்டும்தான், செய்யாமல் விட்டதோ கண்ணுக்குத் தெரிவதில்லை. நாசா நடத்தும் விமானப் பாதுகாப்புத் தகவல் அமைப்புக்கு விமானிகள் தாமாக அனுப்பிய அறிக்கைகளை வைத்து நேர நெருக்கடி பற்றி 1990-களில் செய்யப்பட்ட ஆய்வு, பெரும்பான்மையான தவறுகளின் வேர் புறப்பாட்டுக்கு முந்தைய கட்டத்தில் இருந்ததைக் கண்டது. தவறு வெளிப்பட்டதோ பல நேரங்களில் அதற்குப் பிந்தைய கட்டத்தில்.

சரிபார்ப்பு என்று எதைச் சொல்லலாம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. துணை விமானி "டேக்-ஆஃப் எடை 353" என்று வாசிக்க, கேப்டன் தலையாட்டி "சரி" என்பது சரிபார்ப்பு அல்ல. எதிர்பார்க்கும் எண்ணைக் காதில் கேட்கும் மனம் அதையே கண்ணிலும் பார்த்துவிடும். இருவரும் தனித்தனியாக, ஒருவர் திரையை மற்றவர் பார்க்காமல், லோட்ஷீட்டிலிருந்தே நேரடியாக எடுத்துக் கணக்கிட்டு, விடைகளை மட்டும் ஒப்பிடுவது சரிபார்ப்பு. பயணத் திட்டத்தில் மதிப்பிட்டிருந்த எரிபொருள் நீங்கிய எடைக்கும் லோட்ஷீட்டில் வந்துள்ள அதே எடைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது சரிபார்ப்பு, ஏனெனில் அந்த இரண்டு எண்களும் வெவ்வேறு மனிதர்களிடமிருந்து வெவ்வேறு நேரத்தில் பிறந்தவை. ஏர்பஸ் விமானங்களில் பறப்புக் கணினி எடையிலிருந்து தானாகக் கணக்கிடும் கிரீன் டாட் என்ற பறப்பு வேகத்தை மடிக்கணினியின் வேகத்தோடு வைத்துப் பார்ப்பதும் அப்படியே. இவற்றில் எதுவும் ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிப்பதில்லை என்பதுதான் என்னை எப்போதும் எரிச்சலூட்டுகிறது. நேரம் இல்லாததால் விடப்படுவதை விட, முடிந்துவிட்டது என்ற உணர்வு முன்கூட்டியே வந்துவிடுவதால்தான் இவை அதிகம் விடப்படுகின்றன.

லோட்ஷீட் பக்கத்தில் இருப்பவர்களும் கொஞ்சம் உதவலாம். எரிபொருள் நீங்கிய எடையும் டேக்-ஆஃப் எடையும் ஒரே அளவு எழுத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே ஓரத்தில் அச்சாகும் தாளில், அவசரத்தில் இருப்பவர் ஒன்றைப் பார்த்து மற்றொன்றின் கட்டத்தில் தட்டுவது வியப்பல்ல. கடைசி நேர மாற்றங்களைக் கையால் ஓரத்தில் எழுதிக் கூட்டுவதற்கு அனுமதி இருந்தாலும், மாற்றம் ஒன்றுக்கு மேல் போனால் தாளையே புதிதாக அச்சடித்துக் கொடுத்துவிடுவது நல்லது; அடித்துத் திருத்திய எண்ணை இரவு வெளிச்சத்தில் வாசிப்பவர் தனக்குத் தெரிந்ததையே வாசிப்பார். தாளை நீட்டும்போது பயணத் திட்டத்தின் மதிப்பீட்டிலிருந்து எடை எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்பதை வாயால் ஒருமுறை சொல்லிவிடுவது என் பிரிவில் சிலருடைய வழக்கம். விதியில் இல்லாத வழக்கம்தான். கேப்டன்கள் அதற்கு நன்றி சொன்னதும் உண்டு, முகம் சுளித்ததும் உண்டு.

ஹாலிஃபாக்ஸ் விபத்துக்குப் பிறகு கனடாவின் வாரியம், ஓடுபாதையில் ஓடும்போதே வேகம் கூடுவது போதவில்லை என்று எச்சரிக்கும் கருவி பெரிய விமானங்களில் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஏர்பஸ் தன் ஏ380, ஏ350 விமானங்களில் அந்த வகைக் கண்காணிப்பைக் கொண்டு வந்திருக்கிறது. தரையில் நிற்கும்போதே சக்கரக் கால்களில் உள்ள உணரிகளால் எடையை அளந்து சொல்லும் அமைப்பு சில சரக்கு விமானங்களில் உண்டு. ஆனால் இன்று இரவும் கிளம்பப்போகும் சரக்கு விமானங்களில் கணிசமானவை, பயணிகளைச் சுமந்து முடித்துப் பிறகு சரக்குக்காக மாற்றப்பட்ட பழைய விமானங்கள். அவற்றில் இந்தக் கருவிகளை எதிர்பார்க்க முடியாது. அவற்றுக்கு எடையைச் சொல்வது இன்னும் ஒரு தாளும், அதை வேறொரு தாளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இரண்டு பேரும்தான்.